இடுக்கி யார் கையில்?

கொரியன் பார்பிக்யூ கடையில் தட்டு, ஸ்பூனோடு ஒரு கத்தரிக்கோலும் மேஜைக்கு வரும். துணி வெட்டுகிற சாமானுக்குச் சாப்பாட்டு மேஜையில் என்ன வேலை என்று முதல்முறை போகிறவர்கள் முழிப்பார்கள். இறைச்சியை நீளப் பட்டையாகவே அடுப்பில் போட்டு, கொஞ்சம் வெந்ததும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, ஒரு வாய் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். அதற்குத்தான். அடுப்பும் மேஜையிலேயே இருக்கும். நடுவில் ஒரு குழி, அதில் கரி அல்லது கேஸ், தலைக்கு மேலே புகையை உறிஞ்சுகிற குழாய்.

சென்னைக்கு இந்தச் சாப்பாடு வந்த வழி கே-டிராமா அல்ல, கார். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. கூடவே உதிரிபாகக் கம்பெனிகள், என்ஜினீயர்கள், அவர்கள் குடும்பங்கள். அவர்களின் நாக்குக்காகத் திறந்த கடைகளைத்தான் இன்று சீரியல் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள்.

மெனுவில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். சம்க்யோப்சல் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி. ‘சம்’ என்றால் மூன்று; கறியும் கொழுப்பும் மூன்று அடுக்காக இருப்பதால் அந்தப் பெயர். கொரியாவில் மார்ச் 3-ம் தேதி, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் என்பதால், சம்க்யோப்சல் தினம்! கல்பி என்றால் விலா எலும்புக் கறி. சோயா சாஸ், பூண்டு, நல்லெண்ணெய், கொரியப் பேரிக்காய்ச் சாறு எல்லாம் போட்டு ஊறவைப்பார்கள். புல்கோகி மெல்லிசாகச் சீவி ஊறவைத்த இறைச்சி, பெரும்பாலும் மாட்டிறைச்சி. இரண்டும் வேண்டாம் என்பவர்கள் சிக்கன் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். சைவர்களை அழைத்துப் போவதானால், கிம்ச்சியில்கூடப் பெரும்பாலும் மீனோ இறாலோ புளிக்கவைத்துச் சேர்த்திருப்பார்கள் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கறி வருவதற்குள் சின்னச் சின்னக் கிண்ணங்கள் மேஜையை நிறைத்துவிடும். முளைகட்டிய பயறு, கீரை, ஊறுகாய், கிம்ச்சி. பன்சான் என்று பெயர். இதற்குத் தனியாகக் காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம். நம் மெஸ்ஸில் கூட்டு, பொரியலை இரண்டாம் தடவை கேட்பது போலத்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாப்பிடும் முறைதான் அழகு. உள்ளங்கையில் ஒரு லெட்யூஸ் இலை. அதன் மேல் ஒரு துண்டு கறி, ஸாம்ஜாங் என்கிற சோயா மிளகாய் விழுது, ஒரு பூண்டுச் சீவல், கொஞ்சம் பச்சை மிளகாய். வெற்றிலை மடிப்பது போல மடித்து, முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்தால் எல்லாம் மடியில் கொட்டும். இந்தப் பொட்டலத்துக்குப் பெயர் ஸாம்.

போன மாதம் அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தேன். கறித்தட்டு வந்ததுமே, பழக்க தோஷம், அண்ணி இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டார். காலேஜ் படிக்கும் மகள் அதைப் பிடுங்கினாள். “அம்மா, இங்கே வயசுல சின்னவங்கதான் சுடணும். நீ சாப்பிடு.”

அண்ணி வீட்டில் தோசை என்றால் கடைசித் தோசை அவருக்கு. அதுவும் ஆறிப்போய், அடுப்படியில் நின்றபடியே. இருபது வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், அவர் எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மகள் சுடச்சுட, அவர் ஒவ்வொரு துண்டாக ஊதி ஊதிச் சாப்பிட்டார். நாலைந்து வாய்க்குப் பிறகு ஓர் இலையை எடுத்து மடித்து மகள் வாயில் ஊட்டினார். கொரியாவிலும் வழக்கம் அதுதான். சுடுகிறவர் கை ஓய்வதில்லை என்பதால், பக்கத்தில் இருப்பவர் ஸாம் மடித்து அவர் வாயில் வைப்பார். இதை அண்ணிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உடனே கொரியாவைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆபீஸ் விருந்துக்கு ஹ்வேசிக் என்று பெயர். பல நேரம் அதில் இடுக்கி பிடிப்பது ஜூனியர் ஊழியர்தான். மேலதிகாரி தட்டு காலியாகாமல் பார்த்துக்கொண்டே, தான் அரைவயிறு சாப்பிட வேண்டும். பண்டிகை நாட்களில் மாமியார் வீட்டுச் சமையலறையில் மருமகள்கள் படும் பாட்டுக்கு ‘பண்டிகை நோய்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கும் சங்கடம் உண்டு; கொரியாவில் பல கடைகளில் குறைந்தது இரண்டு பேர் அளவுக்கு ஆர்டர் கொடுத்தால்தான் அடுப்பையே பற்றவைப்பார்கள். ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. சமைக்கிறவர் வேறு அறையில் இல்லை. அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது.

போகும்போது சில விஷயங்கள். பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கி வேறு, சாப்பிடுகிற குச்சி வேறு, கலக்காதீர்கள். கறியைப் போட்டுவிட்டு ஓயாமல் புரட்டவும் வேண்டாம், ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கட்டும். பட்டுப்புடவை வேண்டாம், புகை வாசனை வீடு வரை கூடவே வரும். இடுக்கியைக் கை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிட வேண்டாம். கேட்டால், மிச்சக் கறியைப் பொடியாகக் கத்தரித்து, கிம்ச்சியும் சோறும் சேர்த்து அதே கல்லில் வறுத்துத் தரும் கடைகள் உண்டு. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்ட மட்டும் கொஞ்சம் போட்டி இருக்கும்.