உடலைத் தொடும் முன் ஒருவர் வர வேண்டும்

அமெரிக்காவில் ஒருவர் வீட்டில் தனியாக இறந்து கிடந்தால், முதலில் வருவது போலீஸ்தான். கதவைத் திறப்பார்கள், அறைகளைப் பார்ப்பார்கள், வாசலில் காவல் நிற்பார்கள். ஆனால், உடலை நகர்த்த மாட்டார்கள். அங்கே வழக்கம் அப்படி: இடம் போலீசின் பொறுப்பு, உடல் கவுண்ட்டியின் பொறுப்பு. கவுண்ட்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் சார்பில் ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்த வீட்டில் எல்லாம் கிடந்தது கிடந்தபடியே இருக்க வேண்டும். அப்படி வருகிறவர்தான் மரண விசாரணையாளர்.

நம்மூரில் சந்தேக மரணம் என்றால் போலீஸே வந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் விசாரணை அறிக்கை எழுதி, உடலை ஜி.ஹெச்.சுக்கு அனுப்பிவிடும். அங்கே இதற்கென்றே தனி ஆபீஸ். பல கவுண்ட்டிகளில் அதன் தலைவருக்கு கரோனர் என்று பெயர். இங்கிலாந்தில் 1194-ல் உருவாகி, அங்கிருந்து கப்பலேறிப் போன பதவி அது. இன்றும் பல இடங்களில் கரோனர் ஓட்டு கேட்டு ஜெயித்துத்தான் வர வேண்டும். டாக்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட எல்லா மாநிலத்திலும் கிடையாது. கலிஃபோர்னியாவின் 58 கவுண்ட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஷெரிஃபே கரோனர். பெரிய நகரங்கள் பலவற்றில் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற டாக்டர் இருப்பார். தலைவர் யாராக இருந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் எழுந்து காரை எடுக்கிறவர் விசாரணையாளர்தான்.

பெரிய ஊரில் இது ஷிஃப்ட் வேலை. சின்ன கவுண்ட்டியில் ஆன்-கால். பகலில் நர்ஸாகவோ ஆம்புலன்ஸ் ஊழியராகவோ இருப்பவர், குறிப்பிட்ட நாட்களில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார். எல்லா போனுக்கும் கிளம்ப வேண்டியதில்லை. வயதானவர், நீண்டநாள் நோயாளி, சர்டிஃபிகேட் தர அவருடைய டாக்டர் தயார் என்றால் போனிலேயே முடிந்துவிடும். விபத்து, தற்கொலை, கொலை, திடீர் மரணம், காரணம் புரியாத மரணம் என்றால் போயே ஆக வேண்டும்.

போனதும் முதலில் போட்டோ. அப்புறம்தான் உடல். கை கால் எவ்வளவு விறைத்திருக்கிறது, ரத்தம் தங்கிச் சிவந்த இடம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். மல்லாந்து கிடப்பவரின் மார்புப் பக்கம் சிவந்திருந்தால், இறந்த பிறகு யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விறைப்பு சில மணி நேரத்தில் ஆரம்பித்து, அரை நாளில் முழுமையாகி, ஒன்றரை நாளில் தளரத் தொடங்கும். இதுவும் தோராயம்தான், அறை வெயிலிலா ஏ.சி.யிலா என்பதைப் பொறுத்து மாறும். சினிமாவில் போலீஸ் டாக்டர் 'இரவு 11.20-க்கு இறந்திருக்கிறார்' என்று சொல்வதெல்லாம் சினிமாவோடு சரி.

உடலைவிட வீடு அதிகம் பேசும். வாசலில் எத்தனை நாள் தபால் சேர்ந்திருக்கிறது? ஃப்ரிட்ஜில் பால் என்ன தேதி? மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் காலி, புதன் அப்படியே இருக்கிறது என்றால் அதுவே ஒரு சாட்சி. பாட்டில்களில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கடையில் வாங்கிய தேதியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. கடைசியில் சர்டிஃபிகேட்டில் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க இயலவில்லை என்ற ஐந்தில் ஒன்று பதிவாக வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இன்ஷூரன்ஸ் பணமும், சில நேரம் கோர்ட் கேஸும், ஒரு குடும்பத்தின் நிம்மதியும்.

இந்த வேலையில் மிகக் கடினமான பொருள் எது என்றால், ஒரு பொம்மை.

தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோன வீட்டுக்கு விசாரணையாளர் ஒரு துணி பொம்மையோடு போவார். அன்றே போகலாம், மறுநாளும் போகலாம். அந்த அம்மாவிடமோ அப்பாவிடமோ பொம்மையைக் கொடுத்து, 'குழந்தையை எப்படிப் படுக்க வைத்தீர்கள், காலையில் எப்படிப் பார்த்தீர்கள், அதேபோல வைத்துக் காட்டுங்கள்' என்று கேட்பார். இரண்டையும் போட்டோ எடுப்பார். படிக்கும்போதே மனசு பதறுகிறது, இல்லையா? கேட்கிறவர் வில்லனில்லை. தேசிய நோய்த் தடுப்பு மையமே இப்படிக் கேட்கப் பரிந்துரைக்கிறது. ஏனென்றால் இந்த மரணங்களில் பிரேதப் பரிசோதனை மட்டும் பல நேரம் எதையும் காட்டாது. முகம் தலையணையில் புதைந்திருந்ததா, சோஃபா இடுக்கில் மாட்டியதா என்பதை அந்தப் பொம்மைதான் சொல்லும்.

இப்படிச் சேர்ந்த தகவல் வீணாகவில்லை. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் அமெரிக்காவில் 1994-ல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தொட்டில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2019-ல் சாய்வாகப் படுக்க வைக்கும் ஒரு பிரபலமான குழந்தைப் படுக்கையை, சுமார் 47 லட்சம் எண்ணிக்கையில், கம்பெனி திரும்பப் பெற வேண்டியிருந்தது. அப்படியும் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே தூக்கத்தில் திடீரென்று இறக்கிறார்கள். பொம்மையை எடுத்துக்கொண்டு யாரோ ஒருவர் போய்க்கொண்டேதான் இருக்கிறார்.

அடுத்தது, குடும்பத்துக்குச் செய்தி சொல்வது. போனில் சொல்வதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். இரண்டு பேராக நேரில் போய், கதவைத் தட்டி, ஆள் அவர்தானா என்று உறுதி செய்து, உட்காரச் சொல்லி, 'உங்கள் மகன் இறந்துவிட்டார்' என்று நேரடியாகச் சொல்ல வேண்டும். 'பிரிந்துவிட்டார்', 'இழந்துவிட்டோம்' போன்ற பூசி மெழுகும் பேச்சு கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். அதிர்ச்சியில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு, 'அப்படியென்றால் தேடிக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிடுவார். நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். 'சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா' என்று சொல்லி, பஸ்ஸில் எட்டு மணி நேரம் நம்பிக்கையோடு வரவைப்போம். எது கருணை என்பது வந்து இறங்கியவருக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சந்தேக மரணம் என்றால் கவுண்ட்டி முடிக்கும்வரை உடல் கைக்கு வராது. தகனத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும். மத நம்பிக்கை காரணமாகப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லச் சில மாநிலங்களில் வழி உண்டு. கலிஃபோர்னியாவில் அதை இறந்தவரே உயிரோடு இருக்கும்போது எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும். குற்றச் சந்தேகம் இருந்தால் அதுவும் செல்லாது.

சில வீடுகளில் செய்தி சொல்லவே ஆள் கிடையாது. விசாரணையாளர் மேஜை டிராயரைத் திறந்து பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளின் பின்பக்கம் முகவரி தேடுவார், போனில் கடைசி நம்பரைக் கூப்பிடுவார், பக்கத்து வீட்டில் கேட்பார். முப்பது வருடமாகப் பேசாத தம்பி எங்கோ கிடைப்பார். சில தம்பிகள், 'எனக்கு வேண்டாம்' என்று போனை வைத்துவிடுவார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டியில் அப்படி யாரும் கேட்காத உடல்களை எரித்து, அஸ்தியை சுமார் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதற்குள் உறவினர் வந்தால் வாங்கிப் போகலாம். வராதவர்களை டிசம்பரில் ஒரு நாள், பாயில் ஹைட்ஸ் பகுதியில் உள்ள கவுண்ட்டி மயானத்தில், ஒரே குழியில் அடக்கம் செய்கிறார்கள். சமீப வருடங்களில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2,000 பேர். பல மதத்தவரும் வந்து பிரார்த்தனை செய்வார்கள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களும் பூவோடு வருவார்கள். மேலே பதிக்கும் கல்லில் பெயர்கள் இருக்காது. வருடம் மட்டும் இருக்கும்.