'நண்பர்' என்கிற சௌகரியம்

ஒரு ஆணும் இன்னொரு ஆணும், அல்லது ஒரு பெண்ணும் இன்னொரு பெண்ணும், காதலித்து ஒரே வீட்டில் வாழ்கிற கதை தமிழுக்கு மொழிபெயர்க்கப்படும்போது அந்த இன்னொருவர் 'நண்பர்' ஆகிவிடுகிறார். மதிப்புரையிலும் அப்படியே. கேட்டால், நம் சிறுபத்திரிகை வட்டத்தில் பதில் தயாராக இருக்கிறது: சொல்லாமல் விடுவதுதான் கலை, பெயர் வைத்துவிட்டால் தொனி போய்ப் பிரகடனம் வந்துவிடும். ரசனையின் குரலில் பேசுகிற கோழைத்தனம் என்றே இது எனக்குப் படுகிறது.

தொனி எங்கே சாத்தியம்? சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் ஏற்கனவே பொதுவான ஓர் அறிவு இருக்கிற இடத்தில். நம் பாட்டிமார்கள் கணவன் பெயரைச் சொன்னதில்லை. 'எங்க வீட்டுல', 'அவுக', 'இவர்' என்று சுட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கழுத்துத் தாலியும் ரேஷன் கார்டும் ஊரின் சாட்சியும் அந்தச் சுட்டுக்குப் பின்னால் நின்றன. அங்கீகாரம் பெற்றவர்களுக்கே வாய்த்த சொகுசு அது. அது இல்லாதவர் 'இவர்' என்று சொன்னால், 'இவர் யாரு?' என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

'நண்பர்' என்பதால் நட்பும் கெடுகிறது. முன்பின் பார்த்திராத கோப்பெருஞ்சோழனுக்காகப் பிசிராந்தையார் வந்து உயிர்விட்டதாகச் சொல்லி வருகிற மொழி இது. அப்பேர்ப்பட்ட சொல்லை இன்னோர் உறவுக்குத் திரையாகத் தொங்கவிட்டால் இரண்டும் அவமானப்படுகின்றன.

வேறு சிலர் சொல்லாக்கத்தில் நம்பிக்கை உள்ளவர்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கையொட்டி 2022ல் தமிழக அரசு ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. அவசியமான காரியம்தான். 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதி, படுக்கைக்கு வெளியே இவர்களுக்கு வாழ்க்கையே கிடையாது என்று தீர்மானித்திருந்த பத்திரிகைத் தமிழுக்கு ஒரு கடிவாளம் வேண்டியிருந்தது. ஆனால் தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையினர் என்பதெல்லாம் வகைப்பெயர்கள். உறவுப்பெயர் வேறு சமாச்சாரம். ஆஸ்பத்திரியில் 'நீங்க அவருக்கு என்ன வேணும்?' என்று கேட்பார்கள். வகைப்பெயரை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. 'பார்ட்னர்' என்று சொல்லலாம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டு வியாபாரக் கணக்கும் ரப்பர் முத்திரையும்தான் ஞாபகம் வருகின்றன.

என் உத்தியோகத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1985ஆம் வருஷத்து விதிகளின்படி வந்த நாமினி படிவத்தில், டெபாசிட்தாரருக்கு நாமினி என்ன உறவு என்று கேட்கிற கட்டத்தில், 'ஏதேனும் இருந்தால்' என்று சேர்த்திருந்தார்கள். உறவினர்தான் நாமினியாக வேண்டும் என்பதில்லை. இவர்கள் கூட்டுக்கணக்கு தொடங்கவும், தம் துணையை நாமினியாக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகமும் தெளிவுபடுத்தியது. ஆகவே சட்டத்துக்கு அந்தக் கட்டம் நிரம்ப வேண்டிய அவசியமில்லை. மனுஷனுக்கு இருக்கிறது. பணம் நாமினி கைக்கு வரும். உயில் இல்லையென்றால் வாரிசு என்று வந்து நிற்பவர்கள் வேறு. திருமண உரிமையை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. பெயரில்லாத உறவு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

சொல் உறவை உண்டாக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1967ன் சுயமரியாதைத் திருமணச் சட்டம், உற்றார் நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிகிற எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும் என்றது. புரோகிதர் இருந்த இடத்துக்குப் பேச்சு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று அது நின்றுவிட்டது உண்மை. ஆனால் அந்த அழைப்பிதழ்கள் நமக்கு 'துணைவர்', 'இணையர்' என்று சொற்களை விட்டுப்போயிருக்கின்றன. குறளில் 'வாழ்க்கைத்துணை' மனைவியைக் குறித்தது. பிற்பாடு கணவனுக்கும் விரிந்தது. இன்னொரு முறை விரித்தால் கிழிந்துவிடாது.

எந்தச் சொல் என்று தீர்ப்பளிக்கும் யோக்யதை எனக்கில்லை. ஒருத்தி 'என் மனைவி' என்பாள். இன்னொருத்தி, உங்களில் புருஷன் யார் என்ற அபத்தக் கேள்விக்குப் பயந்தோ வெறுத்தோ, அதைத் தவிர்த்துத் 'துணை' என்பாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், அண்ணன் அரிவாளோடு வருவான் என்கிற நிலைமையில் இருப்பவர்கள் 'நண்பர்' என்றே சொல்லிக்கொள்ளலாம்; அது அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது. முந்நூறு பிரதி பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிற நமக்கு என்ன ஆபத்து?

திருமணம் ஒன்றே குடும்பத்துக்கு வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நீதிபதிகளே அங்கே வந்துவிட்ட பிறகு, புதுமை பேசுகிற நாம் 'நண்பர்' என்று எழுதிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் காதலர் என்றிருந்தால் காதலர் என்றே எழுதட்டும். இருவர் தம்மைத் துணைவர் என்று சொல்லிக்கொண்டால் நாமும் அப்படியே எழுதுவோம், மேற்கோள் குறி போடாமல்.