சாமையை வெளுக்க வைப்பவர்கள்

கொல்லிமலைச் சாமையின் படங்கள் இணையமெங்கும் பெருகிக் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானியங்களுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்த பிறகு இப்பெருக்கம் இன்னும் கூடிற்று. மகிழ வேண்டியதுதான். ஆனால் அப்படங்களில் பத்தினை எடுத்து உற்று நோக்குங்கள். தட்டின் நடுவே வெண்ணிறப் பொட்டல் ஒன்று தெரியும். பருக்கை இராது, பருக்கைகளுக்கு இடையே நிழலும் இராது. அது சாமையா, பச்சரிசியா, ரவை உப்புமாவா என்று சமைத்தவரே சொல்லியாக வேண்டும். இதற்குப் 'பளிச்சென்ற படம்' என்று பெயர். நாம் இதனைப் பொய் என்கிறோம்.

தமிழில் வெண்மை வேறு, வெளுப்பு வேறு, வெளிறு வேறு. வயிரம் பாயாத மரத்தை வெளிறு என்றனர் முன்னோர். வள்ளுவரோ அறியாமையையே அச்சொல்லால் குறித்தார். ஒளி மிகுந்து எரிந்துபோன படத்துக்கு இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

கொல்லிமலையில் சாமை என்பது ஒரே தானியம் அன்று. வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுளசாமை, மல்லியசாமை என்று அம்மலைமக்கள் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கின்றனர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல்லாண்டுகள் தங்கி இவ்வகைகளைப் பதிவு செய்தது. உமி மட்டும் நீக்கித் தவிடு நீக்காத சாமையரிசியில் சாம்பலும் இளமஞ்சளும் கலந்ததொரு மங்கல் உண்டு. அந்த மங்கல்தான் தவிடு. நார்ச்சத்து என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அது இருக்குமிடம். படத்தில் முதலில் எரிவதும் அதுவே. எஞ்சுவது, ஆலையில் தீட்டித் தீட்டி வெளுக்க வைத்த அரிசியின் தோற்றம்.

வெள்ளை மோகம் அம்மலைக்குப் புதிதன்று. நெல்லரிசிச் சோறு மதிப்புக்குரியதாயிற்று. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிற்று. அக்கிழங்கு சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்கி ஜவ்வரிசியாகிறது. ஜவ்வரிசி வெண்மையாக இல்லாவிடில் விலை போகாதென்று வேதிப்பொருளால் வெளுக்க வைத்த ஆலைகள் மீது உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்ததும் உண்டு. இத்தனைக்கும் பிறகு பிழைத்து நிற்கும் சாமையை, அதனைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்பவர்களே கேமராவால் வெளுக்கிறார்கள் என்பதே நம் வழக்கு.

கேமராவுக்குச் சோறு தெரியாது. தன் முன்னிருப்பதன் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாக்க முயல்வதே அதன் அளவீடு. கருங்கல் மேடையிலோ கரிய மண்சட்டியிலோ சோற்றை வைத்தால், காட்சி இருண்டிருப்பதாகக் கருதி அது ஒளியைக் கூட்டும், சோறு எரியும். நாட்டுப்புற மணம் வேண்டுமென்று மண்சட்டியைத் தேடிப் பிடிப்பவர்கள் மிகுதியாகச் சிக்குவது இங்கேதான். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 0 முதல் 255 வரையே படிகள். மூன்றும் 255ஐத் தொட்ட இடத்தில் அதன்பின் ஒன்றும் இல்லை. எந்த மென்பொருளாலும் இல்லாத பருக்கையை மீட்க இயலாது. நிழலில் புதைந்ததை ஓரளவு தோண்டி எடுக்கலாம். பழைய நெகட்டிவ் ஃபிலிம் சற்றுக் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொண்டது. டிஜிட்டலுக்கு அப்பொறுமை கிடையாது.

தீர்வு கடினமன்று. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு என்று குறைத்து எடுத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராமின் வலப்பக்கம் சுவரில் மோதி நிற்கிறதா என்று கவனியுங்கள். கைப்பேசியில் சோற்றின் மீதே விரலை வைத்து ஒளியை இறக்கலாம். ஃபிளாஷை அணையுங்கள். நண்பகல் வெயிலை விடுத்துச் சன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் கடுமையாயின் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் பருக்கைக்கு நிழல் உண்டு, நிழலிருந்தால்தான் உருவம் உண்டு. கொல்லிமலையிலோ இதுவும் வேண்டியதில்லை. காலைப் பனிமூட்டமே வானளவு விரித்த வேட்டி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பின்புலம் முழுதும் வெண்பனியாயின் கேமரா எதிர்த்திசையில் ஏமாந்து சோற்றைக் கருக்கும், அப்போது ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

'வெண்மையில் வெண்மை என்பதொரு பாணி, அதனைக் குறை கூறலாமா?' என்று கேட்பர். அப்பாணியில் தேர்ந்தவரின் படத்தைப் பாருங்கள். வெள்ளைத் தட்டின் விளிம்பும், வெள்ளைத் துணியின் மடிப்பும், இட்டிலியின் துளைகளும் தனித்தனியே தெரியும். அதற்கு உழைப்பு மிகுதி. எரிந்த படத்துக்கு அலட்சியம் ஒன்றே போதும்.

'மங்கலாக இருந்தால் எவர் வாங்குவர்?' என்பது விற்பவர் கேள்வி. சாமைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, அதன் அட்டையில் உள்ள படத்தருகே வைத்துப் பாருங்கள். அட்டையில் இருப்பது வேறு தானியமாகத் தோன்றினால், பொட்டலத்தைக் குறை கூறாதீர்கள். படத்தை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.