நான்கு மூன்றாயிற்று, மூன்று ஐம்பத்து நான்காயிற்று!

விளையாட்டு வேறு, விடுதலை வேறு என்பார் உளர். பந்தை உதைப்பவனுக்குக் கொள்கை எதற்கு, இன மானம் எதற்கு என்று கேட்டு, கேட்ட அளவிலேயே தம்மை அறிவாளர் என்று எண்ணி மகிழ்வாரும் உளர். அன்னாருக்கு விடையிறுக்க ஒரே ஒரு வரலாறு போதும். அஃது ஆப்பிரிக்க மக்கள் தமக்கெனக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒன்றைக் கண்ட வரலாறு.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1904ஆம் ஆண்டு பாரிசில் தோன்றியது. தோற்றுவித்த ஏழு நாடுகளும் ஐரோப்பிய நாடுகளே. ஆட்டத்துக்கு விளையாட்டு முறை வகுத்தவர் அவர். போட்டிக்கு நாள் குறித்தவர் அவர். யார் ஆடலாம், யார் வேடிக்கை பார்க்கலாம் என்று முடிவு செய்தவரும் அவரே. இந்நிலையில், தம் பக்கத்து நாடுகளை ஒருங்கு திரட்டித் தமக்கெனத் தனியமைப்புக் காண்பதே உரிமை பெறும் வழி என்பதை முதலில் உணர்ந்தோர் தென்னமெரிக்கர். அவர்தம் கூட்டமைப்பு 1916-இல் எழுந்தது. ஐரோப்பியரும் ஆசியரும் 1954-இல் தத்தமக்கு அமைப்புக் கண்டனர். எஞ்சி நின்றது ஆப்பிரிக்கா.

1956ஆம் ஆண்டு சூன் திங்களில் உலகக் கூட்டமைப்பின் பேரவை போர்த்துகல் தலைநகர் இலிசுபனில் கூடிற்று. அங்குச் சென்றிருந்த ஆப்பிரிக்கச் சார்பாளர்கள் தனியே அமர்ந்து பேசினர். தங்கள் கண்டத்துக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவு கொண்டனர். அந்த முடிவு 1957 பிப்பிரவரி 8ஆம் நாள் சூடான் தலைநகர் கார்த்தூமில் உருப்பெற்றது. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளே அதன் கால்கோள் உறுப்புகள். எகிப்தைச் சேர்ந்த அப்துல் அசீசு அப்துல்லா சாலிம் அதன் முதல் தலைவரானார்.

அந்நாளைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சூடான் விடுதலை பெற்று ஓராண்டே கடந்திருந்தது. சூயசுக் கால்வாய்க்காக எகிப்தின் மேல் பிரித்தானியமும் பிரான்சும் இசுரேலும் படையெடுத்து மூன்று நான்கு திங்களே ஆகியிருந்தன. கானாவின் விடுதலைக்கு இன்னும் ஒரு திங்கள் இருந்தது. ஆப்பிரிக்காவின் பெரும்பரப்பு அயலவர் ஆட்சியின்கீழ் அழுந்திக் கிடந்தது. நாடுகளே இன்னும் பிறக்காத கண்டத்தில், நாடுகளின் கூட்டமைப்பு பிறந்துவிட்டது!

பிறந்த குழந்தைக்கு அப்பொழுதே ஓர் ஆய்வு காத்திருந்தது. அமைப்பின் முதற் கோப்பைப் போட்டியும் அதே திங்களில் அதே கார்த்தூமில் நடக்கவேண்டும். தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சியின் கால்பந்துக் கழகமோ, வெள்ளையர் மட்டுமே கொண்ட அணியை விடுப்போம். இன்றேல் கறுப்பர் மட்டுமே கொண்ட அணியை விடுப்போம். இருவரும் கலந்த அணியை மட்டும் விடுக்கமாட்டோம் என்றது. தோலின் நிறம் பார்த்து மாந்தரைப் பிரிக்கும் தன் கொடுஞ்சட்டத்தை ஆடுகளத்துக்குள்ளும் இழுத்துவர அது துணிந்தது.

மற்ற மூவரும் என்ன செய்தனர்? "இருப்பதே நால்வர், ஒருவரை இழந்தால் போட்டி எங்ஙனம் நடக்கும்? இப்போதைக்கு விட்டுக்கொடுப்போம், வளர்ந்தபின் பார்த்துக்கொள்வோம்" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலந்த அணி வராதெனில் அணியே வரவேண்டா என்றனர். நான்கு மூன்றாயிற்று. தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆடவிருந்த எத்தியோப்பியா ஆடாமலே இறுதிக்குச் சென்றது. எகிப்து சூடானை 2-1 என வென்று, இறுதியில் எத்தியோப்பியாவை 4-0 என வீழ்த்திற்று. மொத்தம் இரண்டே ஆட்டங்கள்! ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களில் நாட்டப்பெற்ற கொள்கை, இருநூறு ஆட்டங்களால் நாட்டப்பெறுவதினும் வலிது.

இந்த முடிவால் பயன்பெற வேண்டியோருள் தமிழரும் இருந்தனர் என்பது மறக்கத் தகாதது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற முதற்கப்பல் தர்பன் துறையில் இறக்கியது கரும்புத் தோட்டக் கூலிகளை. அவர்தம் வழியினரையும் நிறவெறிச் சட்டம் வேலிக்கு வெளியே நிறுத்தியது. கறுப்பரும் கலப்பினத்தாரும் இந்திய வழியினரும் 1951-இல் தம் கால்பந்துக் கழகங்களை ஒன்றாக்கி, வெள்ளையர் கழகத்துக்கு எதிராக நிற்கத் தொடங்கினர். உள்ளே அவர்கள் போராடினர். வெளியே ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு போராடிற்று.

அப்போராட்டம் எளிதன்று. தென்னாப்பிரிக்க வெள்ளையர் கழகத்தை உலகக் கூட்டமைப்பு 1961-இல் இடைநீக்கியது. 1963-இல் ஆங்கிலேயரான அதன் தலைவர் சுடான்லி ரூசு நேரிற் சென்று பார்த்து வந்தபின் அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் 1960ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. உலகப் பேரவையில் பெரிய நாட்டுக்கும் ஓர் ஒப்போலை. சிறிய நாட்டுக்கும் ஓர் ஒப்போலை. சிதறிக் கிடந்தால் செல்லாக் காசுகளாகும் அவ்வொப்போலைகளைக் கூட்டமைப்பு ஒரு முடிச்சாக்கிற்று. 1964-இல் தோக்கியோப் பேரவை மீண்டும் தடை போட்டது. 1976-இல் அக்கழகம் அடியோடு நீக்கப்பட்டது.

அதே 1964-இல் மற்றொரு போர். 1966ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் 16 இடங்கள். அவற்றுள் 10 ஐரோப்பாவுக்கு! ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா என்னும் மூன்று நிலப்பரப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்! கானாவின் ஓகேனே சானும் எத்தியோப்பியாவின் இட்னெகாச்யூ தெசெம்மாவும் இந்த இழிவை எதிர்த்து முன்னின்றனர். ஆப்பிரிக்க நாடுகள் போட்டியையே புறக்கணித்தன. 1963-இலும் 1965-இலும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நாடு கானா. உலகக் களத்தில் ஒளிரும் வாய்ப்பு அதற்கே மிகுதி. புறக்கணிப்புக்கு முன்னின்றதும் அதே கானா. இழக்க ஏதுமில்லாதவன் துறப்பது ஈகம் ஆகாது. கையில் வந்ததைக் கொள்கைக்காகத் துறப்பதே ஈகம்.

1966-இல் இங்கிலாந்தில் நடந்த அப்போட்டியில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் 9 பந்துகளை வலைக்குள் செலுத்தி முதலிடம் பெற்ற யுசேபியோ பிறந்த மண் மொசாம்பிக். அவர் ஆடியதோ அம்மண்ணை அடிமைகொண்டிருந்த போர்த்துகலுக்காக. ஆப்பிரிக்காவின் கால்கள் வேண்டும், ஆப்பிரிக்காவின் பெயர் வேண்டா என்பதன்றோ அதன் பொருள்?

புறக்கணிப்பு பயன் தந்தது. 1970 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கென ஓரிடம் உறுதியாயிற்று, மொராக்கோ ஆடிற்று. 1974-இல் ரூசு தலைமையை இழந்ததில் ஆப்பிரிக்க ஒப்போலைகளின் பங்கு பெரிது. 1982-இல் ஈரிடம், 1998-இல் ஐந்திடம், 48 அணிகளாக விரிந்த 2026 போட்டிக்கு 9 நேரிடங்கள். நிறவெறி வீழ்ந்தபின் 1992-இல் தென்னாப்பிரிக்கா கூட்டமைப்புக்குத் திரும்பிற்று. கலந்த அணியோடு 1996-இல் ஆப்பிரிக்கக் கோப்பையையும் வென்றது. மூவராய் நின்ற அமைப்பில் இன்று 54 நாடுகள்.

இருப்பினும், புகழ்ந்து நின்றுவிடுவது அறிவுடைமை ஆகாது. அயலாட்சிக்குத் தலைவணங்காத அதே அமைப்பு உள்ளழுகலுக்கு இடங்கொடுத்தது. 2019-இல் உலகக் கூட்டமைப்பு தன் பொதுச் செயலாளரையே மேற்பார்வைக்கு விடுத்து ஆறு திங்கள் அங்கு அமர்த்தியது. 2020-இல் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் அந்நாளைய தலைவர் மேல், ஒழுக்கக்கேட்டின் பொருட்டு உலகக் கூட்டமைப்பு தடை போட்டது. வெளிப்பகைவனால் பறிக்க முடியாத தன்னாட்சி, வீட்டுக் கறையானால் அரிக்கப்பட்டது.

மற்றொன்றும் உண்டு. உலகமெங்கும் அவ்வமைப்பு வழங்கப்பெறும் சுருக்கப்பெயர், பிரெஞ்சு மொழிச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. ஆண்டவன் போயினான், அவன் நாக்கு அவையில் அமர்ந்திருக்கிறது. கால்களுக்கு விடுதலை தேடியோர் நாவுக்கும் அதனைத் தேடும் நாளே அவ்விடுதலை நிறைவெய்தும் நாள்.

இனத்துக்கும் மொழிக்கும் அமைப்புக் காண முனைவோர் கார்த்தூமை நினைவிற் கொள்க. ஆள் சேரட்டும், பிறகு கொள்கை பேசலாம் என்போர் இறுதியில் இரண்டையும் இழப்பர். கொள்கையை முதலில் நாட்டி ஆளை இழக்கத் துணிந்தோரிடமே ஆளும் வந்து சேர்கிறது. சேர்ந்தபின் அக்கொள்கையைக் காக்கும் விழிப்பும் வேண்டும். முதலது துணிவு, அடுத்தது தூய்மை. இரண்டும் இல்லாத அமைப்பு, எத்துணைப் பெரிதாயினும், அயலான் ஊதும் ஊதுகுழலுக்கு ஆடும் கூட்டமே!