தொகுத்தவர் யார்?

முழு இசைத்தட்டையும் கேளாமல், பேர்பெற்ற பாடல்களை மட்டும் சேர்த்த தொகுப்பைக் கேட்பவன் இசையறிந்தவன் அல்லன் என்றொரு தீர்ப்பு நம் படித்த வட்டங்களில் நெடுநாளாக வழங்கி வருகிறது. உதகையிலும் குன்னூரிலும் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர் மேனாட்டு இசைக்குழுக்களைக் குறித்து இதைச் சொல்வர். நகரத்து இசை ஆர்வலர் இளையராஜாவைக் குறித்துச் சொல்வர். இரு சாராரும் குறிவைப்பது ஒரே மனிதனைத்தான். அவன் ஓய்வு நேரம் குறைந்தவன். கையில் காசும் குறைந்தவன். தனக்குப் பிடித்த பத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவன். அவனை இகழும் இத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை. ஆயினும் தொகுப்பின்மீது சுமத்தத்தக்க வேறொரு குற்றம் உண்டு. அதைச் சுமத்துவாரைத்தான் காணோம்.

முதலில் இகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழு 1975 வரை வெளியிட்டவற்றுள் தேர்ந்த பத்துப் பாடல்கள் 1976 பிப்ரவரியில் ஒரு தொகுப்பாக வந்தன. 2018-இல் அந்நாட்டு இசைத்தட்டுத் துறைச் சங்கம் அதற்கு வழங்கிய சான்று 3 கோடியே 80 இலட்சம் படிகளுக்கானது. இத்தனை பேரும் செவியற்றவர்களா? அமெரிக்கத் தென்மாநிலத்துக் குழுவான லினர்ட் ஸ்கினர்டின் கதை இன்னும் ஆழமானது. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கூடி அமைத்த குழு அது. 1977 அக்டோபர் 20 அன்று அவர்கள் சென்ற விமானம் மிசிசிப்பியில் விழுந்து நொறுங்கியது. குழுவின் குரலாகவே இருந்த ரோனி வான் சான்ட் உட்பட ஆறு பேர் மாண்டனர். 1979-இல் அக்குழுவின் தேர்ந்த பாடல்கள் தொகுப்பாக வந்தபோது, இனி அவர்களை மேடையில் காணவியலாத மக்கள் அதை வாங்கினர். அவர்களுக்கு அது ஒரு நினைவுக்கல். அதை வீட்டில் வைத்திருந்தவனைப் பார்த்து "நீ முழுத் தட்டையும் கேட்டதுண்டா?" என்று வினவுவது, இழவு வீட்டில் இலக்கணம் பேசுவதற்கு ஒப்பாகும்.

நம் மலைக்கு வருவோம். எண்பதுகளில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைவீதிகளில் ஒலிநாடாப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. தோட்டத்து இளைஞர் ஒருவர் சம்பள நாளன்று வெற்று ஒலிநாடா ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். 60 நிமிட நாடாவில் ஏறக்குறைய பதின்மூன்று பாடல்கள்தாம் கொள்ளும். 1976-இல் 'அன்னக்கிளி' வந்த நாள் தொட்டு இளையராஜாவின் பாடல்கள் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. அவற்றுள் பதின்மூன்று எவை? எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது வருவது? இந்த வினாக்களுக்கு அந்த இளைஞர் விடை கண்டார். திறனாய்வாளர் ஏட்டில் செய்யும் பணியை அவர் ஒரு துண்டுத் தாளில் செய்தார். இதனை இரசனைக் குறைவு என்பது எங்ஙனம் பொருந்தும்?

முழுத் தட்டைக் கேட்க வேண்டும் என்ற விதியே நமக்கு இரவல் விதி. மேனாட்டுக் குழு ஓர் இசைத்தட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே படைப்பாக எண்ணி அமைப்பதுண்டு. நம் திரைப்பாடலோ படத்தின் காட்சிக்காகப் பிறப்பது. 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' இம்மலையில், கேத்தியில் படமாக்கப்பட்டது. கண்ணதாசன் இறுதியாக எழுதிய திரைப்பாடல் அப்படத்தில்தான் உள்ளது. படத்தைப் பார்த்தறியாத ஒருவர், லைன் வீட்டு வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்பாடலைக் கேட்டால், கதையின் துயரம் அங்கே இல்லை. கேட்பவரின் துயரமே அங்கே வந்து அமர்கிறது. காட்சியிலிருந்து பிரிந்த பாட்டு கேட்பவரின் வாழ்வோடு சேர்கிறது. தொகுப்பின் கவர்ச்சி முழுவதும் இங்குதான் உள்ளது.

அந்த இசையும் இத்தகைய மக்கள் நடுவிலிருந்து எழுந்ததே. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் முன்பு அவர் பாட்டு ஒலித்தது. அந்தக் குழுவில் வளர்ந்த தம்பியின் இசை, பின்னாளில் வேறொரு மலையின் தோட்டங்களுக்கு ஒலிநாடாவாக வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இனி இரண்டாவது வழக்கு. தொகுத்தல் தாழ்ந்த தொழில் என்றால் தமிழனுக்கு இலக்கியமே இல்லாமற் போயிருக்கும். எட்டுத்தொகை என்ற பெயரிலேயே தொகை நிற்கிறது. தேவாரத்தைத் திரட்டியவர் நம்பியாண்டார் நம்பி. நாலாயிரத்தைத் திரட்டியவர் நாதமுனிகள். நாம் நாள்தோறும் ஓதும் நூற்றைம்பது திருப்பாடல்களும் பலர் பாடிப் பலகாலும் சேர்ந்த தொகுப்பே. ஆனால் அத்தொகுப்பாளர்கள் செய்த ஒரு செயலை உற்று நோக்க வேண்டும். அவர்கள் பாட்டோடு பெயரையும் காத்தார்கள். தாவீது, ஆசாபு, கோராகின் புதல்வர் என்று திருப்பாடல்களின் தலைப்புகள் சொல்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் இன்றும் அறிகிறோம். புறநானூற்றில் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை அனைத்தும் பாட்டின் அடியில் நிற்கின்றன. பாடியவரின் பெயர் மறைந்துபோன இடத்திலும் அவர்கள் வெற்றிடம் விடவில்லை. பாட்டில் வந்த சொல்லையே பெயராக்கி, செம்புலப் பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்தார்கள். பெயரற்றவனுக்கும் பெயர் சூட்டிய பெருந்தன்மை அது.

இன்றைய தொகுப்பின்மீது நான் சுமத்தும் குற்றம் இதுவே: அது பெயரைத் தொலைக்கிறது. ஒலிநாடாக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. அட்டையில் இசையமைப்பாளர் முகம் இருக்கும், பாடகர் முகமும் சில வேளை இருக்கும். பாடலாசிரியர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிட்டாது. குழல் வாசித்தவரையும் தபேலா வாசித்தவரையும் சொல்லவே வேண்டாம். பாட்டு யாருடையது என்ற வழக்கு நீதிமன்றத்தில் நடந்தபோது, 2024 ஏப்ரலில், பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்னாவது என்ற வினா சென்னை உயர்நீதிமன்றத்திலேயே எழுந்தது. நாம் என்றோ கேட்டிருக்க வேண்டிய வினா அது.

கைப்பேசிக் காலத்தில் கேடு மேலும் முற்றியது. இன்று தொகுப்பவர் பெயரும் இல்லை. "உங்களுக்காக" என்று ஒரு பட்டியல் தானே வந்து நிற்கிறது. நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றும் ஊட்டுகிறது கணிப்பொறி. பதின்மூன்று பாட்டுக்காக அரைநாள் எண்ணிப் பார்த்த அந்தத் தோட்டத்து இளைஞர் தம் தேர்வுக்குத் தாமே பொறுப்பேற்றார். அந்தப் பொறுப்பு இன்று எவரிடமும் இல்லை.

மலைவாசிகளுக்கு இந்த அநீதியை விளக்க வேண்டுவதில்லை. தேயிலையிலேயே அதைக் கண்டவர்கள் நாம். குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. ஏலத்திற்கு வரும்போது ஒவ்வொரு தேயிலைக்கும் அது விளைந்த தோட்டத்தின் அல்லது ஆலையின் பெயர் உண்டு, தரக்குறி உண்டு. வாங்கியவர் பல இடத்துத் தூளைக் கலந்து பொட்டலமிட்ட மறுகணமே அப்பெயர்கள் மறைகின்றன. குடிப்பவர் சுவையைப் புகழ்கிறார். கொடும்பனியில் கொழுந்து கிள்ளிய விரல்களை அவர் அறியார். கலப்பது குற்றமன்று, சுவைக்காகக் கலக்கத்தான் வேண்டும். பெயரைக் கரைத்துக் கலப்பதே குற்றம்.

"பாட்டு இனித்தால் போதாதா, பெயர் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். போதாது. பெயர் போனால் பின்னணியும் போகும். லினர்ட் ஸ்கினர்ட் குழு பாடிய மேடைகளில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி பல ஆண்டுகள் தொங்கியது. பாட்டை மட்டும் கேட்பவனுக்கு அந்தக் கொடி தெரியாது. அறிந்த பின்னும் ஒருவன் அப்பாட்டை விரும்பலாம். ஆனால் அறிந்து விரும்புவது வேறு, அறியாமல் மயங்குவது வேறு.

இதைவிடப் பெரிய இழப்பொன்று நம் காலடியில் கிடக்கிறது. சந்தையில் பேர்பெற்ற பாட்டுக்கு ஆயிரம் தொகுப்புகள். பேர்பெறாத பாட்டைத் தொகுப்பவர் எத்தனை பேர்? இம்மலையின் தோடர் பாடல்களைத் திரட்டியவர் மரீ எமனோ என்ற கனடாவில் பிறந்த மொழியறிஞர். முப்பதுகளில் இங்கு வந்து, பொறுமையாகக் கேட்டு எழுதிய பாடல்களை, பொருளோடும் சூழல் விளக்கத்தோடும் 1971-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகக் கொணர்ந்தார். கடலுக்கு அப்பால் இலங்கையின் மலைநாட்டில், தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார் சி. வி. வேலுப்பிள்ளை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு வந்தோருள் பல்லாயிரவர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்கள் மூட்டை முடிச்சோடு பாட்டையும் கொண்டு வந்தனர். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் கேலி ஆகியவற்றைப் பாடத் தெரிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஆகவே தொகுப்பை இகழும் அறிஞர்களுக்கு ஒரு சொல்: இகழ்வதை விடுத்துத் தொகுக்க வாருங்கள். தொகுப்பை விரும்பும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. பக்கத்து லைனில் இருக்கும் பாட்டியிடம் அதை ஒருநாள் கொண்டு செல்லுங்கள். அவர் பாடுவதைப் பதியுங்கள். பாடி முடித்ததும் அவர் பெயர், ஊர், எவரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்பவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதியுங்கள். கூடலூர் கிழார் செய்தது இவ்வளவே. ஈராயிரம் ஆண்டு நின்ற தொகைகளும் யாரோ ஒருவர் எவர் வாயிலிருந்தோ கேட்டு, பெயரோடு காத்தவைதாம்.