பெரியப்பாவின் பெயர்



புது டில்லியில் இந்தியா கேட்டுக்கு அருகே 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். விடுதலைக்குப் பின் களத்தில் மாண்ட 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கல்லில் பொன்னிற எழுத்தாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று என் பெரியப்பாவின் பெயர்.

இதை நம் சங்கத்தில் நான் இதுவரை சொன்னதில்லை. ஏன்? அவர் சீன எல்லையில் மடிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். கார்கிலில் என்றால் யாரும் கேளாமலே சொல்லியிருப்பேன். அவர் இறந்த இடம் யாழ்ப்பாணம்.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாயிற்று. மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாய் இருந்த பெரியப்பாவுக்கு அப்போது வயது 23. சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது, பிறகு கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது, உடல் வரவில்லை. பெட்டியிலிருந்த சட்டையைத் துவைக்க அப்பத்தா இன்றும் விடுவதில்லை.

ஊரே வந்து அழுததாம். அந்த ஊரார்தாம் ஈழத் தமிழருக்காகத் தெருத்தெருவாய் உண்டியல் குலுக்கியவர்கள். அதில் காசு போட்டவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தாத்தா அதைக் குறை கூறவுமில்லை, மெச்சவுமில்லை. வானொலியை அணைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாராம்.

சென்ற ஆண்டு விடுதியில் நண்பர் ஒருவர், "தமிழனைச் சுடப் போன தமிழனுக்கு அஞ்சலி எதற்கு?" என்றார். என் வீட்டுக் கதை அறியாமல் சொன்னது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 1987 அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டதை நானும் படித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டுப் பெரியப்பாவுக்கு மாலை சூட்ட எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே மாண்ட ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினருள் எவரும் அந்தப் போரைத் தாமே தேர்ந்துகொண்டு போனவர் அல்லர்.

இறந்தவனை நினைப்பதும், அவன் அனுப்பப்பட்ட போரை ஏற்பதும் ஒன்றா? அல்ல என்பதே என் கட்சி.

ஈழத்தில் மாண்டோருக்காக மே மாதந்தோறும் நாம் விளக்கேற்றுகிறோம். நானும் ஏற்றியிருக்கிறேன், இனியும் ஏற்றுவேன். அந்த வரிசையில் பெரியப்பாவுக்கும் ஒரு விளக்கு வைக்க இடம் கேட்கிறேன். உரை வேண்டாம், 'மாவீரர்' என்ற அடைமொழியும் வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். மறுப்போர் அடுத்த இதழில் எழுதட்டும், பொறுமையாய்ப் படிப்பேன்.

போன ஞாயிறன்று அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கிருந்தே அப்பத்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பேரைச் சரியா எழுதியிருக்காகளா?"

"சரியா இருக்கு அப்பத்தா."

"வெயில் படுற எடமா?"

"ஆமா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தூசியா இருந்தாத் துண்டால தொடச்சிட்டு வாய்யா" என்றார்.