வயித்தைக் கழுவ எல்லாரும் வரிசையில நிக்கணுமா?

போன மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு மூணு நாள் யோகா முகாம் ஒண்ணுக்குப் போனேன். ரெண்டாம் நாள் விடிகாலை அஞ்சு மணிக்கு எண்பது பேரை வரிசையா உக்கார வச்சு, வெதுவெதுப்பான உப்புத்தண்ணியை டம்ளர் டம்ளரா குடிக்கச் சொன்னாங்க. சங்கப் பிரக்ஷாளனமாம். அப்பா பன்னெண்டு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர். பதிவு பண்ணும்போது யாரும் கேக்கலை. சொல்லணும்னு எனக்கும் தோணலை. பதினோரு மணிக்கு மயங்கி விழுந்தார். "உள்ள இருக்கற விஷம் வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்"னாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி.

இப்ப நல்லா இருக்கார். என் கோபம்தான் இன்னும் ஆறலை.

"பாரம்பரியம்"னு சொல்றீங்களே, அந்தப் பாரம்பரியம் என்னதான் சொல்லுது? ஹடயோகத்துக்கு ஆதாரமா எல்லாரும் காட்டுறது 15-ம் நூற்றாண்டுல ஸ்வாத்மாராமர் எழுதின ஹடயோக பிரதீபிகை. தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதின்னு ஆறு கிரியை அதுல இருக்கு. ஆனா அந்தப் பட்டியலுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்றார்: கொழுப்பும் கபமும் அதிகமா இருக்கறவங்கதான் இதைச் செய்யணும், மத்தவங்களுக்கு வேண்டாம். பிராணாயாமமே போதும்னு சில ஆசாரியர்கள் சொல்றதையும் மறைக்காம எழுதி வச்சிருக்கார். நாலு விரல் அகலம், பதினஞ்சு முழ நீளத் துணியை விழுங்குற தௌதியைக்கூட குரு காட்டின வழியிலதான் செய்யணும்ங்கறார்.

"கேரண்ட சம்ஹிதையில சுத்திதானே முதல் படி?"ன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா அங்க ஒரு குரு ஒரு சீடனுக்குச் சொல்றார். எண்பது பேருக்கு மைக் பிடிச்சுச் சொல்லலை.

அந்த விஷம் என்னன்னும் யாரும் பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்ண கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கு. உப்புத்தண்ணி குடிச்சா வயித்தால போகும், அவ்வளவுதான். பிரஷர், இதயக் கோளாறு, கிட்னி பிரச்சினை உள்ளவங்களுக்கு அவ்வளவு உப்பு ஆபத்து.

அதுக்காக "எல்லாம் டுபாக்கூர்"னு சிரிக்கற நண்பர்கள் பக்கமும் நான் இல்லை. லோனாவ்லாவுல 1924-ல கைவல்யதாமம் ஆரம்பிச்ச குவலயானந்தர் நௌலியை எக்ஸ்ரே வச்சு ஆராய்ஞ்சவர். ஜலநேதியும் சும்மா இல்லை. நாள்பட்ட சைனஸுக்கு உப்புத்தண்ணியால மூக்கைக் கழுவச் சொல்லி ஈஎன்டி டாக்டர்களே சொல்றாங்க.

ஆனா குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க. 2011-ல அமெரிக்காவின் லூசியானாவுல அப்படிக் கழுவின ரெண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபாவால செத்துப்போனாங்க. குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனா மூளைக்கு ஏறிடும். கொதிக்க வச்சு ஆறின தண்ணி, அரை லிட்டருக்கு சின்ன ஸ்பூன் உப்பு. இவ்வளவுதான் விஷயம். எந்த நோட்டீஸ்லயாவது இதைப் போடுறாங்களா?

நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். டம்ளரை நீட்டறதுக்கு முன்னாடி "உங்களுக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை?"ன்னு கேளுங்க. ஸ்வாத்மாராமர் கேட்டதும் அதுதான்.

டிஸ்கி: யோகாவைத் திட்டிட்டேன்னு கும்ம வர்றவங்க முதல்ல பிரதீபிகை ரெண்டாம் அத்தியாயத்தைப் படிச்சுட்டு வாங்க. அப்புறம் பின்னூட்டத்துல பேசுவோம்.